பின்னல் ஊசியும் ஒற்றன் கத்தியும்

மத்தியானம் இரண்டு மணி. பாத்திரம் ஒழித்துப் போட்டாயிற்று. குழந்தை தூளியில் கண் அயர்ந்துவிட்டது. பெரியவன் பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. மர்ம நாவல்கள் இந்த நேரத்துக்கென்றே எழுதப்பட்டவை என்பது என் கட்சி. அதிலும் யுத்த காலத்துக் கதையாக இருந்து, ஒற்றர் சமாசாரமும், ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் காதலும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அடுப்பில் பால் பொங்கினால்கூடக் காதில் விழாது!

"துப்பாக்கி, டாங்கி, நீர்மூழ்கிக் கப்பல்... இதெல்லாம் ஆம்பளைகள் படிக்கிற புஸ்தகமாச்சே! உனக்கு அதுல என்னடி ருசி?" என்று எதிர் வீட்டு மாமி ஒரு நாள் கேட்டாள். மாமி பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். ஆனாலும் கல்கி, லக்ஷ்மி தவிர வேறு எதையும் லேசில் தொடமாட்டாள். மாமிக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

இந்தக் கதைகளில் நல்லவற்றை எடுத்துப் பாருங்கள். யுத்தம் எங்கேயோ நடக்கும். ஆனால் கதை நடப்பது ஒரு வீட்டில். விடுதிச் சாப்பாட்டு மேஜையில், குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில், புருஷன் பெண்சாதிக்கு நடுவில். கடைசியில் முடிச்சு அவிழ்வதும் யாரோ ஒரு வீட்டுப் பெண்ணின் கையில்தான்.

வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட அம்மா

முதலில் அகதா கிறிஸ்டி. அவருடைய 'என் ஆர் எம்?' என்ற நாவல் 1941-ல் வெளிவந்தது. லண்டனில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில் எழுதிய கதை. அப்போது கிறிஸ்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கும் வேலையும் பார்த்து வந்தார். (அவர் கதைகளில் விஷம் அத்தனை கச்சிதமாக வேலை செய்வதன் ரகசியம் இதுதான். முதல் உலக யுத்தத்தின்போதே அவர் அந்த வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டார்.)

கதாநாயகி டப்பென்ஸ், நாற்பதைத் தாண்டியவள். மகன் ராணுவத்தில். மகள் சங்கேத எழுத்து இலாகாவில். இரண்டு பேருக்கும் அப்பா அம்மாவைப் பற்றி ஒரே எண்ணம்தான்: 'பாவம், வயசாயிடுத்து!' டப்பென்ஸும் அவள் புருஷன் டாமியும் வாலிபத்தில் கெட்டிக்கார உளவாளிகளாக இருந்தவர்கள் என்பது பிள்ளைகளுக்கு ஒரு பழங்கதை. யுத்தத்துக்கு ஏதாவது செய்யலாமென்று போய் நின்றால், வயதைக் காட்டி இருவரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். டப்பென்ஸ் உட்கார்ந்து சிப்பாய்களுக்குக் காக்கிக் கம்பளி நூலில் குல்லாய் பின்னுகிறாள்.

அப்போது ஒரு மேலதிகாரி வருகிறார். கடற்கரை ஊர் ஒன்றில் 'ஸான்ஸ் ஸூஸி' என்று ஒரு தங்கும் விடுதி. அங்கே ஜெர்மானிய ஒற்றர்கள் இரண்டு பேர் இருப்பதாகச் சந்தேகம். ஓர் ஆண், அவர் பெயர் 'என்'. ஒரு பெண், அவள் பெயர் 'எம்'. டாமி போய்க் கண்டுபிடிக்க வேண்டும். பெண்டாட்டியிடம் மூச்சு விடக்கூடாது! டாமியும் ஏதோ குமாஸ்தா வேலை என்று பொய் சொல்லிவிட்டு மூட்டை கட்டிக்கொண்டு கிளம்புகிறார். விடுதிக்குள் நுழைந்தால், மூலையில் ஒரு நாற்காலியில் 'மிஸஸ் பிளெங்கின்ஸாப்' என்ற விதவை உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருக்கிறாள். நிமிர்ந்து பார்த்தால்... டப்பென்ஸ்! அதிகாரி பேசியதைப் பக்கத்து அறையிலிருந்து ஒட்டுக் கேட்டுவிட்டு, புருஷனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டாள்.

இந்த இடத்தில் சிரிக்காத பெண் இருக்கமுடியாது.

பின்னல் ஊசி சும்மா வேடத்துக்கு இல்லை. கையில் நூலோடு உட்கார்ந்திருக்கும் நடுவயதுப் பெண்ணை யாரும் கவனிப்பதில்லை. அவள் எதிரில் எதை வேண்டுமானாலும் பேசுவார்கள். நம் வீட்டுக் கூடத்தில் பூத் தொடுத்துக்கொண்டோ கீரை ஆய்ந்துகொண்டோ எத்தனை ரகசியத்தை நாம் கேட்டிருக்கிறோம்! கதையில் தத்தித் தத்திப் பேசும் ஒரு குழந்தையும் உண்டு. அகதியாக வந்த ஒரு ஜெர்மானிய வாலிபனுக்கும் விடுதிக்காரியின் மகளுக்கும் இடையே ஒரு காதலும் உண்டு. கடைசியில் டப்பென்ஸுக்கு உண்மை பிடிபடுவது அவள் ஒரு தாய் என்பதால்தான். இதற்கு மேல் சொன்னால் நாவலைப் படிக்கிற உங்களுக்குத் துரோகம்.

இந்த நாவலில் மேஜர் பிளெட்ச்லி என்று ஓர் அறுவைப் பேர்வழி வருவார். உண்மையில் பிளெட்ச்லி என்ற ஊரில்தான் ஜெர்மானியர்களின் சங்கேதச் செய்திகளை உடைக்கும் பரம ரகசிய நிலையம் இருந்தது. உளவு இலாகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பெண்மணிக்கு எப்படித் தெரிந்தது? அந்த நிலையத்தில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். கிறிஸ்டி சொன்ன பதில்: ஒரு முறை பிளெட்ச்லி ஸ்டேஷனில் ரயில் நகராமல் நின்று அவரைப் படுத்திவிட்டதாம். அந்தக் கோபத்தில் ஓர் அசட்டு மனிதருக்கு ஊர்ப் பெயரை வைத்தாராம். அவ்வளவுதான்!

தீவில் தனியாக ஒருத்தி

இரண்டாவது கதைக்குச் சிரிப்பு கிடையாது. வேல்ஸ் நாட்டுக்காரரான கென் ஃபாலெட் 1978-ல் எழுதிய 'ஐ ஆஃப் த நீடில்'. ஊசியின் காது என்று அர்த்தம். 1981-ல் சினிமாவாகவும் வந்தது.

முதலில் சரித்திரம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1944-ல் ஹிட்லரின் பிடியிலிருந்த பிரான்ஸில் நேச நாட்டுப் படைகள் கடல் வழியாக இறங்கத் தயாராயின. இறங்கப் போவது நார்மண்டிக் கரையில். ஆனால் இங்கிலாந்துக்கு வெகு கிட்டத்தில் இருக்கும் கலேயில்தான் இறங்கப் போகிறார்கள் என்று ஜெர்மானியரை நம்பவைக்க வேண்டும். அதற்காக இல்லாத ஒரு படையை உண்டாக்கினார்கள். காற்றடித்து உப்பவைத்த ரப்பர் டாங்கிகள், மரச்சட்டத்திலும் கித்தானிலும் செய்த படகுகள், பொய் வயர்லெஸ் செய்திகள், தலைமைக்கு ஜெனரல் பேட்டன் என்ற பெரிய பெயர். மேலேயிருந்து பார்த்தால் மகாசைன்யம். கிட்டே போய்ப் பார்த்தால் பொம்மைக் கொலு!

யாராவது ஓர் ஒற்றன் கிட்டே போய்ப் பார்த்துவிட்டால்? அங்கேதான் ஃபாலெட்டின் கற்பனை தொடங்குகிறது. ஃபேபர் என்ற ஜெர்மானிய ஒற்றன் அதைப் பார்த்துவிடுகிறான். போட்டோவும் எடுத்துவிடுகிறான். அவன் ஆயுதம் ஊசி போல் மெல்லிய ஒரு குத்துக்கத்தி. அவன் யார் என்று தெரிந்துகொண்டவர்கள் உயிரோடு இருப்பதில்லை. ஆரம்பத்திலேயே, அவனுக்கு அறை வாடகைக்கு விட்ட விதவை, அவன் மேல் கொஞ்சம் ஆசை வைத்த பாவத்துக்குப் பலியாகிறாள். படிக்கும்போது எனக்கு அவளை நினைத்து இரண்டு நாள் மனசு ஆறவில்லை.

ஃபேபர் தன்னை ஏற்றிப்போக வரும் நீர்மூழ்கியைத் தேடிக் கடலில் போகிறான். புயலில் படகு உடைந்து ஒரு சின்னத் தீவில் ஒதுங்குகிறான். அங்கே இருப்பவர்கள் நாலே பேர். லூசி, அவள் புருஷன் டேவிட், சின்னப் பையன் ஜோ, தீவின் மறுகோடியில் ஒரு கிழ ஆட்டிடையர். டேவிட் விமானியாகப் பயிற்சி பெற்றவன். கல்யாணமான அன்றே கார் விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தவன். யுத்தத்துக்குப் போகமுடியாத ஆத்திரத்தை நாலு வருஷமாக மனசுக்குள் வைத்துப் புழுங்குகிறான். பெண்டாட்டியிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவளும் சமைக்கிறாள், துவைக்கிறாள், குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு அன்பான வார்த்தைக்கு ஏங்குகிறாள்.

அந்த வார்த்தையைச் சொல்பவன் புயலில் வந்த அந்நியன். லூசியின் மனசு அவன் பக்கம் சாய்கிறது. ஆசிரியர் அவளைப் பழிக்கவுமில்லை, நியாயப்படுத்தவுமில்லை. பிறகு அவன் யாரென்று அவளுக்குத் தெரிகிறது. புயல் ஓயவில்லை. புருஷன் வீடு திரும்பவில்லை. மாடியில் குழந்தை. வெளியுலகத்தோடு பேச அந்தத் தீவில் ஒரே ஒரு வயர்லெஸ். அதை அவன் தொட்டுவிட்டால் நார்மண்டியில் இறங்கப்போகும் ஆயிரமாயிரம் பேரின் கதி அதோகதி. இது எதுவும் லூசிக்குத் தெரியாது. வந்தவன் எதிரி, தன் குழந்தையைக் காப்பாற்ற வேண்டும், அவனைத் தடுக்க வேண்டும், இவ்வளவுதான் தெரியும். வீட்டில் இருக்கிற சாமான்களை வைத்துக்கொண்டே அவள் போராடுகிறாள். பள்ளிக்கூடத்தில் படித்த மின்சாரப் பாடம்கூட உதவுகிறது!

ஒரு எச்சரிக்கை. இந்த நாவலில் சில பக்கங்கள் கொஞ்சம் பச்சையாகவே இருக்கும். கொலைகளும் அதிகம். புத்தகத்தைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத பரண் மேல் வையுங்கள். கர்ப்பிணிகள் இப்போதைக்கு கிறிஸ்டியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நிஜத்தில் நடந்தது

"இப்படி ஒரு ஃபேபர் நிஜமாவே இருந்தானா?" என்று மாமி கேட்டாள். இல்லை. பிரிட்டனுக்குள் ஜெர்மனி அனுப்பிய ஒற்றர்கள் அநேகமாக எல்லோருமே பிடிபட்டார்கள். பலர் பிரிட்டனுக்கே வேலை செய்யும் இரட்டை ஒற்றர்களாக மாற்றப்பட்டார்கள். அவர்களில் ராஜா மாதிரி ஒருவர் இருந்தார். ஸ்பெயின் தேசத்துக்காரர், பெயர் ஹுவான் புஜோல். நடிப்பில் அவ்வளவு கெட்டிக்காரர் என்பதால், பிரிட்டிஷார் நடிகை கிரேட்டா கார்போவின் பெயரையே அவருக்குச் சங்கேதப் பெயராக வைத்தார்கள்.

அவர் செய்த ஜாலத்தைக் கேளுங்கள். லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டு, இங்கிலாந்தில் இருப்பதாக ஜெர்மானியருக்குக் கடிதம் எழுதினார். கையில் இருந்தது ஒரு யாத்திரைப் புத்தகமும் ரயில்வே கைடும்தான். பிறகு 1942-ல் பிரிட்டிஷாரோடு சேர்ந்து நிஜமாகவே லண்டன் வந்தார். தனக்குக் கீழே இருபத்தேழு ஒற்றர்கள் வேலை செய்வதாகக் கணக்குக் காட்டினார். இருபத்தேழு பேரும் கற்பனை! அதில் ஒருவரைச் 'சாகடித்து', பத்திரிகையில் மரண விளம்பரமும் போட்டு, இல்லாத விதவைக்கு ஜெர்மானியரிடமிருந்து உதவிப் பணமும் வாங்கிவிட்டார். 1944 ஜூன் 6-ல் படைகள் நார்மண்டியில் இறங்கின. மூன்றாம் நாள் அவர், 'இது வெறும் கண்துடைப்பு, பெரிய படை கலேயில் இறங்கப் போகிறது' என்று செய்தி அனுப்பினார். நம்பினார்கள். கலேயில் இருந்த படைகளில் பெரும்பகுதி அங்கேயே காத்துக் கிடந்தது. ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவைப் பதக்கம் கொடுத்தது. பிரிட்டனும் அதே வருஷம் ஒரு பதக்கம் கொடுத்தது. இரண்டு பக்கமும் விருது வாங்கியவர்!

எந்த நாவலாசிரியருக்கும் இது போதும். ஆனால் நான் சொல்ல வந்தது அவரைப் பற்றி அல்ல. அவர் மனைவி அரசெலியைப் பற்றி.

புருஷனின் உதவியைப் பிரிட்டிஷார் ஆரம்பத்தில் ஏற்கவில்லை. அவருக்காக அலைந்தவள் அரசெலி. லிஸ்பனில் அமெரிக்கத் தூதரகத்தில் போய்ப் பேசி, அந்த வழியாகக் கதவைத் திறந்துவிட்டதும் அவள்தான். லண்டன் வந்தபிறகு அவளுக்கு என்ன கிடைத்தது? புறநகரில் ஒரு வீடு. இரண்டு சின்னக் குழந்தைகள். இங்கிலீஷ் பேச வராது. புருஷன் காலையில் போனால் இரவுதான் வருவார், இருபத்தேழு கற்பனை மனிதர்களோடு குடித்தனம் நடத்துவதற்கே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. ரகசியம் வெளிவந்துவிடும் என்று மற்ற ஸ்பானியர்களோடு பழகவும் தடை. சாப்பாடோ ரேஷன். எப்போது பார்த்தாலும் மாக்கரோனி, உருளைக்கிழங்கு, மீனைக் கண்ணில் காண்பதே அபூர்வம் என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு தடவை ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரவேண்டும் என்று துடித்தாள். அனுப்பவில்லை.

1943 ஜூனில் வெடித்துவிட்டது. ஊருக்கு அனுப்பாவிட்டால் ஸ்பானியத் தூதரகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்றாள். ஸ்பானியத் தூதரகத்துக்குப் போகிற செய்தி ஜெர்மனிக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? அத்தனை வேலையும் ஒரு நொடியில் பாழாகியிருக்கும்.

அவளைச் சமாளிக்க ஒரு நாடகம் போட்டார்கள். யோசனை சொன்னது யார் தெரியுமா? புருஷனே! 'உன்னால் உன் புருஷனுக்கு வேலை போயிற்று, கோபத்தில் ரகளை செய்ததால் கைதாகிச் சிறையில் இருக்கிறான்' என்று அவளிடம் சொன்னார்கள். நடுவில் ஒரு நாள் வீட்டுக்குப் போனவர் பார்த்தபோது, அவள் சமையலறையில் காஸ் குழாய்களையெல்லாம் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அதிகாரிகள் அதையும் முக்கால்வாசி நடிப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள். பிறகு கண்ணைக் கட்டி, ஒற்றர்களை அடைத்து வைக்கும் முகாமுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே கைதி உடையில், க்ஷவரம் செய்யாத முகத்தோடு புருஷன். அவள் அழுதாள். தப்பு தன்னுடையதுதான் என்றாள். இனி வாயே திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். புருஷன் 'விடுதலை'யாகி வீடு வந்தார். ஒரு வருஷம் கழித்து நார்மண்டி.

இந்த விவரமெல்லாம் பிரிட்டிஷ் அரசு ஆவணங்களில் பதிவாகியிருக்கிறது. அந்தக் காகிதங்களில் அரசெலியைப் பற்றி நல்ல வார்த்தை அதிகமில்லை. செல்லம் கொடுத்துக் கெட்டவள், தன்னலக்காரி என்ற ரீதியிலேயே எழுதியிருக்கிறார்கள். கெட்டிக்காரி என்பதையும் மறைக்கவில்லை.

எனக்கென்னவோ அவள் மேல் கோபமே வரவில்லை. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையைக் காலி செய்துவிட்டு ஓடிய குடும்பங்களின் கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவர்களாவது சொந்த மனிதர்களைத் தேடி ஓடினார்கள். இவள் தெரியாத ஊரில், தெரியாத பாஷைக்கு நடுவில், கைக்குழந்தையோடு தனியாக இருந்தவள். மறுபக்கம், அவள் மட்டும் வாய் திறந்திருந்தால் நார்மண்டிக் கரையில் எத்தனை தாய்மார்களின் பிள்ளைகள் செத்திருப்பார்கள் என்பதும் உண்மைதான். நாடகம் போட்டது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. மாமியிடம் கேட்டேன். வெற்றிலையை மடித்தபடியே, "தேசத்துக்காகப் பொய் சொன்னான், சரி. அப்புறமாவது அவகிட்ட உண்மையைச் சொன்னானோ?" என்று திருப்பிக் கேட்டாள்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். யுத்தம் முடிந்து குடும்பம் வெனிசுலாவுக்குப் போனது. ஒட்டவில்லை. அரசெலி பிள்ளைகளோடு ஸ்பெயினுக்கே திரும்பிவிட்டாள். 1949-ல், புஜோல் ஆப்பிரிக்காவில் அங்கோலாவில் மலேரியாக் காய்ச்சலில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அவள் பின்னர் மாட்ரிட்டில் மறுமணம் செய்துகொண்டாள். 1984-ல் ஓர் எழுத்தாளர் தேடிக் கண்டுபிடித்தார், மனிதர் வெனிசுலாவில் சௌக்கியமாக இருக்கிறார்! அந்த மரணமும் கற்பனைதான். அந்த வருஷம் நார்மண்டி நாற்பதாவது ஆண்டு விழாவில் நரைத்த தலையோடு வந்து நின்றார். செத்துப்போனார் என்று நினைத்திருந்த அப்பாவைப் பிள்ளைகள் முப்பத்தைந்து வருஷம் கழித்துப் பார்த்தார்கள். புஜோல் 1988-ல் காலமானார். அரசெலி 1990 வரை இருந்தாள்.

ஃபாலெட்டின் லூசிக்கு ஆசிரியர் கடைசியில் ஓர் ஆறுதல் கொடுத்து அனுப்புகிறார். அரசெலிக்கு அப்படி எழுதித்தர ஆள் இல்லை.

எதில் ஆரம்பிப்பது?

புதிதாகப் படிக்கிறவர்கள் கிறிஸ்டியில் ஆரம்பிக்கலாம், இங்கிலீஷும் சுலபம். அது பிடித்துவிட்டால் ஜாக்குலின் வின்ஸ்பியரின் மெய்ஸி டாப்ஸ் கதைகள். பதின்மூன்று வயதில் பெரிய வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்த பெண், முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸில் நர்ஸாகி, பிறகு துப்பறியும் தொழிலில் இறங்குகிறாள். 2003-ல் தொடங்கி 2024-ல் பதினெட்டாவது நாவலோடு முடிந்த வரிசை. ரத்தம் குறைவு, மனசு அதிகம். காயம்பட்ட காதல் ஒன்றும் உண்டு. லூசியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அவளை ஆரம்பித்தால் ராத்திரி விளக்கை அணைக்கமாட்டீர்கள்.

மாமி 'என் ஆர் எம்?' புத்தகத்தை வாங்கிப்போய் நாலு நாளாகிறது. நேற்று வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள், நான் வாயைத் திறப்பதற்குள்ளேயே, "எம் யாருன்னு நேக்குத் தெரிஞ்சு போச்சு. நீ ஒண்ணும் சொல்லிடாதே!" என்று கத்தினாள். யாரை நினைத்திருக்கிறாள் என்று கேட்டேன். சொன்னாள். தப்பு!